நுனியைக் கிள்ளுவதா, தண்டை வளைப்பதா?

கேள்வி இது: "மூன்று தொட்டிகளில் குட்டைப் புதர்த் தக்காளி, மிளகாய், செவ்வந்தி வைத்தேன். நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும் என்று படித்துவிட்டு, மூன்றையும் ஒரே நாளில் கிள்ளினேன். மிளகாயும் செவ்வந்தியும் புதர் போலப் பெருகிவிட்டன. தக்காளி மட்டும் பத்து நாள் அப்படியே நின்றது. பிறகு நாலைந்து பூங்கொத்து விட்டதோடு சரி, வளர்ச்சியே நின்றுவிட்டது. கிள்ளியது தவறா? இனி அந்தச் செடிக்கு என்ன செய்யலாம்?"

மூன்று செடிக்கும் ஒரே வைத்தியம் பார்த்ததுதான் சிக்கல். கிள்ளினால் எந்தச் செடிக்கும் காயம்தான். அந்தக் காயம் ஆறும்வரை செடி காத்திருக்கும். மிளகாய்க்கும் செவ்வந்திக்கும் காத்திருக்க நாள் இருந்தது. உங்கள் தக்காளிக்கு இல்லை. அது தன் உள்கடிகாரத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. நீங்கள் கிள்ளினாலும் கிள்ளாவிட்டாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஒரு செடியின் மேல் கை வைக்கும் முன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எதைப் பார்த்துப் பூக்கிறது, பூக்கும்வரை அதற்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்பதுதான்.

செடிகள் எதைப் பார்த்துப் பூக்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்த கதை சுவையானது. அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த 'மேரிலாண்ட் மாமத்' என்ற புகையிலை ரகம் கோடையில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது, பூக்கவில்லை. அதே ரகத்தைக் குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் வைத்தபோது சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள், விடை வரவில்லை. கடைசியில், கோடைக்காலத்தில் செடிகளைப் பிற்பகலிலேயே ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைக் குறுக்கிப் பார்த்தார்கள். செடி பூத்தது. 1920இல் இதை வெளியிட்டார்கள். பகல் நீளத்தைப் பொறுத்துக் குறும்பகல் தாவரம், நெடும்பகல் தாவரம், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத நடுநிலைத் தாவரம் என்று பிரிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

செடி உண்மையில் அளப்பது பகலை விட இரவைத்தான் என்பது பிறகு தெரிந்தது. 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தைச் செடியை வைத்துச் செய்த சோதனையில், நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டாலே பூப்பது நின்றுபோனது. செவ்வந்தி வளர்ப்பவர்கள் இரவில் விளக்கு எரிய விடுவதும், வேறு சமயத்தில் கறுப்புத் துணியால் மூடுவதும் இந்த அறிவை வைத்துத்தான்.

செவ்வந்தி குறும்பகல் செடி. இரவு நீளும்வரை அது இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் நுனியைக் கிள்ளிய பிறகு அது ஆற அமரப் பக்கக் கிளைகளை விட்டு, அவை வளர்ந்த பிறகு பூக்கும். உங்கள் காலெண்டருக்குச் செடி கட்டுப்படும் என்று சொல்லலாம். நடுநிலைச் செடி அப்படியில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கை இலை விட்டதும், குறிப்பிட்ட வயது வந்ததும், வெளியே பகல் எவ்வளவு நீளம் என்று கேட்காமலே பூக்கத் தொடங்கிவிடும். தக்காளியும் மிளகாயும் இந்த வகை.

சரி, தக்காளியும் மிளகாயும் ஒரே வகை என்றால் ஒன்று பெருகி மற்றொன்று ஏன் நின்றது? இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது: பூத்த பிறகு செடி வளர்கிறதா, முடித்துக்கொள்கிறதா.

சாதாரணக் கொடித் தக்காளி ஏறக்குறைய 8 முதல் 12 இலை விட்டதும் முதல் பூங்கொத்தை வைக்கும். அப்புறம் அந்தக் கொத்துக்குக் கீழே உள்ள பக்க மொட்டு தண்டின் வேலையை எடுத்துக்கொண்டு மூன்று இலை விடும், ஒரு கொத்து வைக்கும். மறுபடி மூன்று இலை, ஒரு கொத்து. சூழல் ஒத்துழைக்கும்வரை இது நிற்காது. 1914இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு செடி தானாகவே மாறியிருந்தது கண்ணில் பட்டது. அதில் கொத்துகளுக்கு நடுவே இலைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பூங்கொத்தோடு தண்டு முடிந்துபோனது. 'தானே கவாத்து செய்துகொள்வது' என்ற பொருளில் அந்த மரபணுவுக்குப் பெயர் வைத்தார்கள். இன்று தொட்டிக்கென்று விற்கும் குட்டைப் புதர்த் தக்காளிகளில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தைச் சுமப்பவை. ஒரே சமயத்தில் காய்க்கும், உயரமாகாது என்பதால் எந்திர அறுவடைக்கும் இது வரமாக அமைந்தது. பெயரே சொல்கிறது, அந்தச் செடிக்குக் கவாத்து ஏற்கெனவே உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் மேல் நாமும் கத்தி வைத்தால் இருப்பதில் பாதி போகும்.

இதே போன்ற நிலை வேறொரு செடியிலும் உண்டு. இணையத்தில் 'ஆட்டோஃப்ளவர்', அதாவது பகல் நீளத்துக்குக் காத்திராமல் தானே பூப்பது, என்ற சொல் அடிபடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். கஞ்சாச் செடி இயல்பில் குறும்பகல் தாவரம். ஆனால் கோடை மிகக் குறுகிய வடக்குப் பகுதிகளில் தானாக வளரும் ஒரு வடிவம், பகல் குறையும்வரை காத்திருந்தால் பனி கொன்றுவிடும் என்பதால், வயதைப் பார்த்துப் பூக்கும். அதை 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி 'ருடெராலிஸ்' என்ற பெயரில் தனி இனமாக விவரித்தார். அந்தச் செடியை வளர்ப்பது பல நாடுகளில் குற்றம். அதனால் வளர்ப்பு முறைக்குள் நான் போகவில்லை. தாவரவியலாகப் பார்த்தால் பாடம் ஒன்றுதான்: வாழும் பருவம் குறுகினால், காத்திருக்கும் குணத்தை இயற்கை கழற்றி எறிந்துவிடும். அப்படிப்பட்ட எந்தச் செடியிடமும் 'கொஞ்சம் நில்' என்று நாம் சொல்ல முடியாது.

இனி, கிள்ளினால் ஏன் கிளை வருகிறது என்பதைப் பார்ப்போம். இது புரிந்தால், கிள்ளாமலேயே அதே பலனை எப்படி எடுப்பது என்பதும் தானாகப் புரியும்.

ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். அது விழித்தால் பக்கக் கிளை. அதை உறங்க வைப்பது உச்சிக் கொழுந்து. கொழுந்தில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். 1930களின் தொடக்கத்தில் திமான், ஸ்கூக் இருவரும் அவரைக் குடும்பச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பின்பும் பக்க மொட்டுகள் எழவில்லை. நுனியின் ஆட்சியை நடத்துவது ஆக்சின்தான் என்பது அதில் உறுதியானது.

ஆனால் ஆக்சின் மொட்டுக்குள் போய் நேரடியாக அதைத் தடுப்பதில்லை. அது மறைமுகமாக வேலை செய்கிறது. வேரிலும் தண்டிலும் உருவாகும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொரு பொருள் கிளை விடுவதைத் தடுக்கிறது என்று 2008இல் தெரியவந்தது. ஆக்சின் அதைக் கூட்டும். மொட்டை எழுப்பும் சைட்டோகைனினைக் குறைக்கும். மண்ணில் பாஸ்பரஸ் போதாமல் போனால் செடி ஸ்ட்ரைகோலாக்டோனை நிறையச் சுரக்கும். 'எவ்வளவு கிள்ளியும் கிளையே வரவில்லை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் மண்ணைப் பற்றிக் கேட்பது இதனால்தான். பசித்த செடி கிளை விடாது.

2014இல் ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியில் செய்த ஓர் ஆய்வு இந்தக் கதையை இன்னும் தெளிவாக்கியது. நுனியை வெட்டிய சில மணி நேரத்திலேயே, தண்டில் ஆக்சின் அளவு குறையும் முன்பே, கீழே உள்ள மொட்டுகள் பருக்கத் தொடங்கின. ஆக்சின் தண்டில் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் நகரும். அவ்வளவு விரைவாகக் கீழே எட்டிய செய்தி சர்க்கரை. உச்சிக் கொழுந்துதான் செடியின் பெரிய சாப்பாட்டுக்காரர். அது போனதும் இலைகள் சமைத்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. கொழுந்தின் பிடியைத் தளர்த்த அதைக் கொல்லத் தேவையில்லை, அதை உச்சி இடத்திலிருந்து இறக்கினாலே போதும். இன்னொன்று, இலைதான் சர்க்கரை ஆலை. கிளை பெருக வேண்டும் என்று இலைகளை உருவி எறிபவர்கள், எழப்போகும் மொட்டின் சாப்பாட்டையே எறிகிறார்கள்.

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். ஒரு புதர்த் தக்காளி விதைத்து ஒரு மாதம் கடந்த பிறகு மொட்டு வைக்கத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதை 25ஆம் நாள் கிள்ளுகிறீர்கள். காயம் காய்ந்து, பக்க மொட்டு எழுந்து, இலை விரித்து, தனக்கான சர்க்கரையைத் தானே சமைக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் அந்தப் பக்க மொட்டுக்கும் வயது வந்துவிடும். இரண்டு மூன்று இலை விட்டதும் அதுவும் பூங்கொத்தோடு முடித்துக்கொள்ளும். உங்கள் செடியில் நடந்தது இதுதான். பூக்களைத் தாங்க வேண்டிய இலைப் பரப்பு உருவாகும் முன்பே பருவம் முடிந்துவிட்டது. மிளகாய்க்கு இதே பத்து நாள் ஒரு பொருட்டே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது பல மாதங்கள் தொடர்ந்து காய்க்கும் செடி.

ஆகவே குறுகிய கால நடுநிலைச் செடிக்கு என் பரிந்துரை ஒன்றே: வெட்டாதீர்கள், வளையுங்கள்.

வளைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலரும் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் தண்டு அடியோடு பிளந்து கிடக்கும்.

செடி 4, 5 கணு வளர்ந்து, தண்டு இன்னும் பச்சையாக, விரலால் மெல்லத் தள்ளினால் வில் போல வளையும் பருவத்தில் தொடங்குங்கள். நேரம் முக்கியம். காலையில் செடி இரவெல்லாம் குடித்த நீரோடு விறைப்பாக நிற்கும், அப்போது வளைத்தால் முறியும். பிற்பகலிலோ மாலையிலோ, நீர் ஊற்றுவதற்கு முன்பு, தண்டு சற்றுத் தளர்ந்திருக்கும்போது செய்யுங்கள். வேலை முடிந்த பிறகு நீர் ஊற்றுங்கள்.

முதல் கட்டு, இழுக்கும் திசைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில். தண்டின் அடியை மண்ணிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் ஒரு துணிக் கீற்றால் பிடித்துத் தொட்டி விளிம்போடு கட்டிவிட வேண்டும். இந்த ஒரு கட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இழுவை முழுக்க வேர்ப்பகுதிக்குப் போகும். அப்புறம் இரண்டாவது கட்டு, நுனிக்குச் சற்றுக் கீழே, எதிர்த்திசையில். தொட்டி விளிம்பில் வரிசையாக ஓட்டை போட்டு வைத்துக்கொண்டால் எந்தத் திசைக்கும் கட்டலாம். நூலும் கம்பியும் தண்டை அறுக்கும். பழைய பனியன் துணிக் கீற்று போல மென்மையானது எதுவும் சரி. தண்டைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடாமல், எட்டு வடிவத்தில் தளர்வாகச் சுற்றுங்கள். தண்டு இன்னும் பருக்கப் போகிறது, அதற்கு இடம் வேண்டும்.

முதல் நாளே தரையோடு படுக்க வைக்காதீர்கள். பாதிச் சாய்வு போதும். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம். நுனி சில மணி நேரத்திலேயே மீண்டும் வானத்தைப் பார்த்துத் திரும்பத் தொடங்கும். சாய்ந்த தண்டின் அடிப்பக்கத்தில் ஆக்சின் சேர்ந்து அந்தப் பக்கம் வேகமாக வளர்வதால் வரும் திருப்பம் அது. பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டியது. நுனி உயிரோடு வளர்கிறது. ஆனால் செடியின் மிக உயரமான இடம் இப்போது நுனி இல்லை, வளைவின் முதுகில் உள்ள கணுக்கள். அந்த மொட்டுகள் விழித்து ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தண்டாக எழும். பழமரக் கிளைகளைக் கிடையாக இழுத்துக் கட்டிக் காய்ப்பைக் கூட்டும் பழைய முறையும் இதே அடிப்படையில் நிற்பதுதான்.

ஒளியின் பங்கும் இதில் உண்டு. பச்சை இலை சிவப்பு ஒளியைக் குடித்துவிடும். அதற்கு அடுத்து, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியை வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். செடியில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த இரண்டின் விகிதத்தை உணரும். தொலைச்சிவப்பு மிகுந்தால் 'மேலே நிழல் இருக்கிறது' என்று செடி புரிந்துகொண்டு, கிளை விடுவதை நிறுத்தி உயரத்தைத் துரத்தும். தண்டைச் சாய்த்ததும் இதுவரை நிழலில் இருந்த மொட்டுகள் மேல் நேரடி வெயில் விழுகிறது. அவற்றுக்கு உடனே வேறு செய்தி கிடைக்கிறது. விளக்கின் கீழே வளர்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. விளக்கிலிருந்து விலக விலக ஒளி வேகமாகக் குறையும். ஒரே மட்டத்தில் படர்ந்த செடியில் எல்லாக் கிளைக்கும் ஏறக்குறையச் சமமாக ஒளி கிடைக்கும்.

கட்டிய பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். புதிய கிளைகளில் எது மற்றவற்றை முந்திக்கொண்டு உயர்கிறதோ அதை மட்டும் வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துக் கட்டுங்கள். பிந்தியிருப்பதை விட்டுவிடுங்கள், அது எழுந்து வரும். ஒரு பெரிய இலை மொட்டை மறைத்தால் அதைக் கிள்ளாமல் பக்கத்துத் தண்டுக்குக் கீழே செருகிவிடலாம். தண்டு மரம் போல இறுகிய பிறகும், பூமொட்டுகள் வெளிப்படையாகத் தெரிந்த பிறகும் வளைப்பதை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு தாங்கு குச்சி ஊன்றுவது மட்டுமே வேலை.

தண்டு பிளந்துவிட்டால்? பாதி பிளவு என்றால் செடி பிழைக்கும். பிளந்த இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து, ஒட்டு நாடாவால் சுற்றி, பக்கத்தில் ஒரு குச்சியை வைத்துக் கட்டிவிடுங்கள். இரண்டு நாள் வெயில் படாமல் வையுங்கள். ஒரு வாரத்தில் அந்த இடம் புடைத்துச் சேர்ந்துகொள்ளும். நான் முதன்முதலில் வளைத்த தக்காளிச் செடி இப்படித்தான் அடியில் பிளந்தது. காலை நேரத்தில், அடிக்கட்டு இல்லாமல் இழுத்ததன் பலன். அந்தச் செடி பிழைத்தது, ஆனால் அதோடு வைத்த மற்றச் செடிகள் காய் பிடித்தபோது அது அப்போதுதான் பூத்தது. தண்டை விரலால் வேண்டுமென்றே நசுக்கி மடக்கும் முறையும் சிலரிடம் இருக்கிறது. நீண்டகாலச் செடிக்கு அது பலன் தரலாம், குறுகிய காலச் செடிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வளைக்கவும் மனமில்லை என்றால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: தினமும் ஓரிரு முறை செடியின் தலையைக் கையால் மெல்லத் தடவிவிடுங்கள். தொடுதலும் காற்றசைவும் பட்ட செடி குட்டையாகவும் தடிமனாகவும் வளரும். இதற்குத் 'தொடுவடிவாக்கம்' என்ற பொருளில் 1973இல் ஜாஃபி என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். நாற்றுப் பருவத்தில் இதைச் செய்தால் பிறகு வளைக்கும்போது தண்டு தாங்கும்.

இலை அகற்றுவதைப் பற்றிச் சுருக்கமாக: மண்ணைத் தொடும் அடி இலைகள், மஞ்சளானவை, நோய் கண்டவை. இவற்றை மட்டும் எடுங்கள். நீர் ஊற்றும்போது மண்ணில் உள்ள பூஞ்சை வித்துகள் தெறித்து முதலில் ஏறுவது அடி இலைகளில்தான். புதர்த் தக்காளியில் முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ள பக்கக் கிளைகளில் அந்தக் கொத்துக்கு நேர் கீழே உள்ளதை விட்டுவிட்டு, அதற்கும் கீழே உள்ளவற்றைச் சின்னதாக இருக்கும்போதே கிள்ளலாம். கொத்துக்கு மேலே ஒன்றையும் தொடாதீர்கள், உங்கள் காய் எல்லாம் அங்கேதான் வரப்போகிறது. கொடித் தக்காளிக்கு நேர்மாறு. அதில் பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை கிள்ளி ஒன்றோ இரண்டோ தண்டாக வளர்ப்பார்கள். பூ பழமாக 40 முதல் 60 நாள் ஆகும் என்பதால், பருவம் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது அதன் உச்சியைக் கிள்ளிவிடலாம். அதற்குப் பின் வரும் பூ எப்படியும் பழுக்காது.

உங்கள் மிளகாய் நன்றாக வந்ததற்கு அதன் உடலமைப்பும் ஒரு காரணம். மிளகாயின் நடுத்தண்டு சில இலைகளுக்குப் பிறகு தானே ஒரு பூவோடு முடிந்து, இரண்டாகக் கவை பிரியும். ஒவ்வொரு கவையிலும் ஒரு பூ, மறுபடி இரண்டு கவை. பூ இப்படி 1, 2, 4, 8, 16 என்று பெருகிக்கொண்டே போகும். 6 முதல் 8 இலை இருக்கும்போது நுனியைக் கிள்ளினால், ஒரு தண்டுக்குப் பதிலாக மூன்று நான்கு தண்டில் இந்தக் கணக்கு தொடங்கும். முதல் காய் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் விலை. கிள்ள மனமில்லையென்றால் முதல் கவையில் வரும் அந்த ஒற்றைப் பூவை மட்டும் எடுத்துவிடுங்கள். சின்னச் செடி ஒரே காயில் தன் சக்தியைக் கொட்டாமல் வளர்வதற்குப் போடும்.

செவ்வந்தியை இன்னும் துணிச்சலாகக் கிள்ளலாம். ஒரு சாண் உயரம் வந்ததும் ஒருமுறை, அதிலிருந்து வரும் கிளைகள் ஒரு சாண் வந்ததும் மறுமுறை. நீண்ட இரவுகள் தொடங்கியதிலிருந்து பூ விரிய ரகத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 6 முதல் 15 வாரம் ஆகும். பூ வியாபாரிகள் ரகங்களை இந்த வார எண்ணிக்கையை வைத்தே பிரிக்கிறார்கள். இரவு நீளத் தொடங்கிய பின் கிள்ளினால், உருவாகிவிட்ட பூமொட்டைத்தான் கிள்ளுவீர்கள். செண்டுமல்லிக்கு நட்ட ஒரு மாதத்தில் ஒருமுறை கிள்ளினால் போதும்.

கொடிக் காய்களில் கணக்கே வேறு. சுரைக்காய், முலாம்பழம் போன்றவற்றில் நடுத்தண்டில் ஆண் பூக்கள்தான் மிகுதி. காயாகும் பூக்கள் பக்கக் கிளைகளில் முன்னதாக வரும். அதனால் அங்கே நுனியைக் கிள்ளுவது கிளைக்காக என்பதைவிடக் காய்க்காகச் செய்கிற வேலை. ஆனால் பெண் பூ மட்டுமே விடும் நவீன வெள்ளரி ரகங்களில் நடுத்தண்டிலேயே காய் பிடிக்கும். அதைக் கிள்ளுவது நட்டம். சூரியகாந்தியில் ஒற்றைத் தலை ரகம், காலிஃப்ளவர், முட்டைக்கோஸ், மக்காச்சோளம் இவற்றின் நுனியில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். அறுவடையே அந்த நுனிதான்.

இந்த வேலைகள் எதையும் தாங்க, செடி நலமாக இருக்க வேண்டும். நாற்று மாற்றி நட்டு ஒரு வாரம் ஆகாத செடி, அசுவினி பிடித்த செடி, வெளிறிப்போன செடி, இவற்றை வளைக்கவும் கூடாது, கிள்ளவும் கூடாது. குறுகிய காலச் செடிக்கு மாற்றி நடுவதே ஒரு பெரிய இழப்பு. அதனால் முடிந்தவரை கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே விதையுங்கள். சின்னத் தொட்டியில் வேர் சுற்றிக்கொண்டால், மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் கிளைக்குப் போக நீரும் சத்தும் இருக்காது. வேலைக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கத்தரியையும் துடைத்துவிடுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் வரும் புகையிலைத் தேமல் வைரஸ், புகையிலையைத் தொட்ட கையிலிருந்தே செடிக்குப் போகக்கூடியது. வந்தால் மருந்து கிடையாது.

இப்போது உங்கள் தக்காளி. மீதி இருக்கும் நுனிகள் எதையும் இனித் தொடாதீர்கள். இருக்கிற இலை அத்தனையும் அந்த நாலைந்து கொத்துக்கு வேண்டும். தழைச்சத்து உரத்தைக் குறைத்துச் சாம்பல் சத்து சற்றுக் கூடுதலாக உள்ள உரத்தை அளவாகக் கொடுங்கள். மண் ஒருநாள் வறண்டு ஒருநாள் ஊறிக் கிடக்காமல் ஒரே ஈரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் காயின் அடி கறுத்து அழுகும். பூ விரிந்திருக்கும் நாட்களில் காலை நேரத்தில் கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், ஓர் அதிர்வு கிடைத்தால் போதும். பூத்த கொத்துகள் எல்லாம் காய் பிடித்தால் நீங்கள் இழந்தது நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அடுத்த விதையை இப்போதே பக்கத்துத் தொட்டியில் ஊன்றிவிடுங்கள். அது ஐந்தாவது கணு விடும் நாளில், மாலையில், கத்தரிக்குப் பதில் இரண்டு துணிக் கீற்றுகளோடு போங்கள்.